புல்வெளிக்குச் சதுர அடி விலை எதற்கு?

பெங்களூரில் தோட்டப் பராமரிப்புத் தொழில் நடத்தும் சிறு நிறுவனங்கள், பெரிய வேலை கிடைக்காமல் நலிவதைவிடக் கிடைத்த பெரிய வேலையால் நலிவதே மிகுதி என்பது என் கருத்து. பத்துப் பன்னிரண்டு தனி வீடுகளின் புல்தரையைச் சீர்செய்து, மாதம் தவறாமல் பணம் பெற்று, கடனின்றி வாழும் ஒருவர், ஒரு தொழில்நுட்பப் பூங்காவுக்கோ ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ ஒப்பந்தப்புள்ளி கோரப்படுவதை அறிகிறார். சென்ற ஆண்டு எந்த விலைக்கு முடிந்தது என்று விசாரிக்கிறார். அதைவிடச் சதுர அடிக்குச் சில பைசா குறைத்து எழுதுகிறார். வேலை கிடைத்துவிடுகிறது. ஓராண்டு கழித்து அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இயந்திரங்கள் பழுதடைந்திருக்கும், வங்கியின் மிகைப்பற்றுக் கணக்கு உச்சவரம்பைத் தொட்டு நிற்கும்.

இந்த நகரத்தில் தோட்டத் தொழில் புதிதன்று. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் இன்று சுமார் 240 ஏக்கரில் விரிந்திருக்கிறது. அங்கும் பேட்டையைச் சூழ்ந்த பழைய தோட்டங்களிலும் உழைத்தவர்களுள் தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தாருக்குத் தனியிடம் உண்டு. ஆண்டுதோறும் கரகத் திருவிழாவை முன்னின்று நடத்துவோரும் அவர்களே. 1908இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த ஜெர்மானியர் கிரும்பீகல், நகரச் சாலைகளின் மரவரிசைகளுக்குத் தம் முத்திரையைத் தந்தார். அன்றைய தோட்டக்காரர் அரண்மனையிடமோ அரசிடமோ ஊதியம் பெற்றார். விலைப்புள்ளி எழுதவேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. இன்றைய தோட்டக்காரருக்கு மண்வெட்டியும் கத்தரியும் எவ்வளவு தேவையோ, கணக்கும் அவ்வளவு தேவைப்படுகிறது. அந்தக் கணக்கு சதுர அடியிலிருந்து தொடங்குவதுதான் முதற்கோணல் என்கிறேன்.

சதுர அடி என்பது வாங்குபவருக்கு வசதியான அளவு. நான்கு விலைப்புள்ளிகளை வரிசையாக வைத்து ஒப்பிட அது உதவும். விற்பவரோ சதுர அடியை விற்பதில்லை. மணி நேரத்தை விற்கிறார். ஒரே பரப்புள்ள இரண்டு புல்வெளிகள் ஒரே நேரத்தை எடுத்துக்கொள்வதும் இல்லை.

இதை எண்களால் பார்ப்போம். கீழே வரும் ஊதியம், பொருள் விலை முதலியவை கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. வாசகர் தம் எண்களை இட்டுக்கொள்ளலாம். மூன்று ஏக்கர் புல்தரை என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 12,140 சதுர மீட்டர், அதாவது 1,30,680 சதுர அடி. 21 அங்குல, அதாவது சுமார் 53 செண்டிமீட்டர் அகலம் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஒருவர் மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால், தாளில் மணிக்கு 2,120 சதுர மீட்டர் வெட்டப்படும். திரும்புதல், ஒரு வரிமேல் மறுவரி சற்றே படிதல், புல் பையைக் கொட்டுதல், பெட்ரோல் ஊற்றுதல் எல்லாம் சேர்ந்தால் அதில் 60 விழுக்காடு நிலைத்தாலே நல்லது. அப்படியானால் மணிக்கு 1,270 சதுர மீட்டர். மூன்று ஏக்கருக்கு ஒன்பதரை மணி நேரம். நடைபாதை ஓரங்களையும் மரத்தடிகளையும் பிரஷ் கட்டரால் ஒழுங்குசெய்ய 6 மணி. வெட்டிய புல்லைக் கூட்டி அள்ள 5 மணி. மொத்தம் ஒரு வெட்டுக்கு 21 ஆள்மணி என்று கொள்ளலாம்.

அதே மூன்று ஏக்கர் ஒரே திடலாக இல்லாமல், கட்டடங்களுக்கிடையே இருபது துண்டுகளாகச் சரிவும் செடிப்பாத்தியும் விளக்குக் கம்பமுமாகக் கிடந்தால் என்ன ஆகும்? இயந்திரத்தின் பயன்திறன் 40 விழுக்காட்டுக்கு இறங்கும். வெட்டுக்கே 14 மணிக்கு மேல் பிடிக்கும், ஓரவேலை இரட்டிக்கும். 21 ஆள்மணி 31 ஆகிவிடும். சதுர அடி மாறவில்லை. செலவு பாதிக்குப் பாதி ஏறிவிட்டது. பெங்களூரின் குடியிருப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதைப் பார்த்தவர் அறிவர்.

அடுத்து ஊதியம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆறு பேரை வைத்துத் தொழில் செய்பவருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடும் வருங்கால வைப்புநிதியும் பொதுவாகக் கட்டாயமில்லை. முன்னது பத்துப் பேரிலும் பின்னது இருபது பேரிலும் தொடங்குகிறது. பெரிய வேலையை ஏற்கும்போது ஆள்தொகை அந்த வரம்பைத் தாண்டும். தாண்டாவிட்டாலும், பெரிய நிறுவனங்கள் மாதப் பட்டியலோடு இரண்டுக்கும் பணம் கட்டிய சான்றைக் கேட்கும். ஆகவே, சிறு வேலையில் கற்ற ஊதியச் செலவு பெரிய வேலைக்குப் பொருந்தாது.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் என்று கொள்வோம். ஊதியம் முழுவதற்கும் வைப்புநிதி கட்டுவதானால் உரிமையாளரின் பங்கு நிர்வாகக் கட்டணம் உட்பட 13 விழுக்காடு, காப்பீடு 3.25, போனஸ் 8.33; பணிக்கொடைக்கு ஒதுக்க 4.81. இவை சேர்ந்ததும் 700 ரூபாய் 906 ஆகிறது. மாதத்திற்கு இரண்டு நாளாவது ஊதியத்தோடு விடுப்போ பண்டிகை விடுமுறையோ இருக்கும். அதையும் வேலைநாட்களின்மேல் பரப்பினால் 980. எட்டு மணி நேரப் பணியில் இயந்திரம் ஓடுவது ஆறு மணி நேரம்தான். எனவே பயன்படும் ஒரு மணி நேரத்தின் விலை 163 ரூபாய். 700ஐ எட்டால் வகுத்து 87.50 என்று எழுதியவர், தொடங்குவதற்கு முன்பே ஏறத்தாழப் பாதியை இழந்துவிட்டார்.

இனி விரைவாக முடிக்கலாம். 21 மணிக்கு ஊதியம் 3,423. புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோல், தேய்மானம், பழுது சேர்த்து மணிக்கு 180 வீதம் 1,710. பிரஷ் கட்டருக்கு நைலான் நூல் உட்பட மணிக்கு 110 வீதம் 660. வண்டிக்கும் புல்லை அகற்றுவதற்கும் 1,500. நேரடிச் செலவு 7,293 ரூபாய். மேற்பார்வை, அலுவலகம், கணக்காளர் கட்டணம் என்று 15 விழுக்காடும், அதன்மேல் இலாபமாக 12 விழுக்காடும் சேர்த்தால் ஒரு வெட்டுக்கு 9,393 ரூபாய்.

ஆண்டுக்கு எத்தனை வெட்டு? மே முதல் நவம்பர் வரை பத்து நாளுக்கு ஒரு முறையும், மற்ற மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு முறையும் என்றால் 28. ஆண்டுத் தொகை 2,63,004. ஒப்பந்தத்தில் '28 வெட்டு' என்று எழுதியிருந்தால் இது நியாயமான விலை. 'தேவைக்கேற்ப' என்று எழுதியிருந்தால்? மழை நன்றாகப் பெய்த ஓராண்டில் 36 முறை வெட்ட நேர்கிறது என்று வையுங்கள். நேரடிச் செலவு மட்டும் 2,62,548. மேற்பார்வைக்கும் அலுவலகத்துக்கும் இலாபத்துக்குமாக மிஞ்சுவது 456 ரூபாய். 'தேவைக்கேற்ப' என்ற ஒரு சொல்லின் விலை அது. பெங்களூருக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கின் பங்கும் உண்டு. கோடையிடி மழையும் உண்டு. புல்லுக்கு இது நல்ல ஊர்; நிலையான ஆண்டுத் தொகைக்கு ஒப்புக்கொண்டவருக்கு அவ்வளவு நல்ல ஊரன்று.

நீண்டு வளர்ந்த புல்லை ஒரே முறையில் ஒட்ட வெட்டி எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்பார்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்கக்கூடாது என்பது புல்தரை பராமரிப்போரின் அடிப்படை விதி. அதை மீறினால் புல் மஞ்சளிக்கும், களை ஏறும், வாடிக்கையாளர் குறைகூறும் கடிதம் வரும்.

இப்போது போட்டியைப் பற்றி. 1971இல் கேப்பன், கிளாப், கேம்பல் என்ற மூன்று அமெரிக்கப் பொறியாளர்கள், கடலடி எண்ணெய் வயல்களுக்கான ஏலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏலத்தில் வென்ற நிறுவனங்கள் எதிர்பார்த்த வருவாயைப் பெறவில்லை. காரணம், வயலின் மதிப்பை எல்லாரையும்விட மிகையாகக் கணித்தவரே வெல்கிறார் என்றார்கள். பொருளியலில் இதை வென்றவரின் சாபம் என்பர். ஏலக் கோட்பாட்டுக்காக 2020இல் நோபல் பரிசு பெற்ற மில்குரோம், வில்சன் இருவரின் ஆய்வுகளிலும் இது முக்கியமான இடம் பெறுகிறது. நம் தொழிலுக்கு அதைத் திருப்பிப் போட்டால் போதும். மிகக் குறைந்த விலைக்கு வேலை போகும் இடத்தில், வேலை நேரத்தை எல்லாரையும்விடக் குறைவாக மதிப்பிட்டவரே வெல்கிறார். போட்டியாளர் எண்ணிக்கை கூடக் கூட, வென்றவர் தவறாகக் கணித்திருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விலையைக் குறைப்பது வழக்கம். அப்போதுதான் தம் கணக்கை மறுபடி சரிபார்க்கவேண்டும். ஐயம் இருந்தால் ஏற்றவேண்டும்.

'முதலில் உள்ளே நுழைந்துவிடுவோம். விலையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாதம் எனக்குத் தெரியாததன்று. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அரசு சார்ந்த ஒப்பந்தங்களில் முன் அனுபவம் கேட்பார்கள். நடுவண் கண்காணிப்பு ஆணையத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டுதலைப் பின்பற்றும் இடங்களில், மதிப்பிட்ட தொகையில் 80 விழுக்காடு பெறுமான ஒரே வேலையையோ, 50 விழுக்காட்டில் இரண்டையோ, 40 விழுக்காட்டில் மூன்றையோ முடித்திருக்கவேண்டும். அனுபவம் இல்லாதவருக்குக் கதவு திறவாது. ஆனால் அனுபவம் அங்கே ரூபாயால் அளக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். பத்து இலட்சம் பெறுமான வேலையை ஆறரை இலட்சத்துக்குச் செய்தவர் கையில் இருப்பது ஆறரை இலட்சத்துக்கான சான்று. இழப்பைக் கொடுத்து வாங்கிய சான்றும் சிறுத்துப்போகிறது. அடுத்த ஆண்டு விலையேற்றம் கேட்கும்போது, வாங்குபவரின் மேசையில் அவரே எழுதிக் கொடுத்த பழைய விலை இருக்கும். அதைவிட ஒரு பெரிய ஒப்பந்தக்காரரிடம் ஒரு பகுதியை நியாயமான விலைக்கு எடுத்துச் செய்வதோ, ஒரு பள்ளி மைதானத்தைச் சரியான விலையில் ஓராண்டு நடத்துவதோ மேல்.

குறைந்த விலையின் சுமை கடைசியில் எங்கே போய் இறங்குகிறது என்பதையும் சொல்லவேண்டும். பெட்ரோல் பங்கில் பேரம் பேச முடியாது. இயந்திரம் விற்பவர் தவணையைத் தள்ளிவைக்கமாட்டார். குனிந்து களையெடுக்கும் பெண்ணின் கூலியில்தான் கை வைக்கப்படுகிறது. பதினான்கு பேர் செய்யவேண்டிய வேலை பத்துப் பேரிடம் விடப்படுகிறது. வைப்புநிதிப் பங்கு பிடிக்கப்பட்டும் கட்டப்படுவதில்லை. கூலி கொடுக்காமல் ஒப்பந்தக்காரர் கைவிட்டால், கேள்வி முதன்மை முதலாளியிடம், அதாவது வேலை கொடுத்த நிறுவனத்திடம் வந்து நிற்கும். மலிவாக வாங்கிவிட்டதாக நினைக்கும் நிறுவனத்தினர் இதை எண்ணிப்பார்ப்பது நல்லது. சேவைக் கட்டணம் ஏதும் இல்லையென்று எழுதப்பட்ட விலைப்புள்ளியைத் தள்ளிவிடவேண்டும் என்று நடுவண் நிதி அமைச்சகமே 2014இல் அறிவுறுத்தியிருக்கிறது. 2021 அக்டோபரில் அது வெளியிட்ட நெறிமுறைகள், சில வகை வேலைகளில் தரத்துக்கும் 30 விழுக்காடு வரை மதிப்பெண் தர வழிவிட்டன. புல்வெட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்று சிரிக்கலாம். தரத்தைக் கேட்காதவருக்குத் தரம் கிடைக்காது என்பதும் உண்மைதானே.

பணம் எப்போது வரும் என்பது விலையின் ஒரு பகுதி. மாதம் 4 இலட்சம் ரூபாய்க்கு முழுத் தோட்டப் பராமரிப்பை ஏற்ற ஒருவருக்கு, பட்டியல் கொடுத்து 75 நாள் கழித்துப் பணம் வருகிறது என்று கொள்வோம். அதற்குள் மூன்று மாத ஊதியம் கையை விட்டுப் போயிருக்கும். தனியார் நிறுவனத்துக்குச் செய்யும் பணிக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரியை, பணம் வந்தாலும் வராவிட்டாலும் மறுமாதம் கட்டியாகவேண்டும். ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய் முடங்கும். 11 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 11,000. பட்டியல் தொகையில் 2.75 விழுக்காடு. 12 விழுக்காடு இலாபத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இது தின்றுவிடும். மூலத்தில் பிடிக்கும் வரி வேறு: தனிநபர் நிறுவனமானால் 1 விழுக்காடு, மற்றவற்றுக்கு 2. அது பின்னர்த் திரும்பினாலும் இன்றைய கையிருப்பில் இல்லை.

சட்டம் சிறு தொழிலின் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டுவட்டி. 2023இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவு, அந்தக் கெடுவைத் தாண்டிய நிலுவையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்றது. தொழில்நுட்பப் பூங்காவை நடத்தும் நிறுவனத்துக்கு அது உறைக்கும். தொழில் வருமானமில்லாத குடியிருப்போர் சங்கத்துக்கு உறைக்காது. மும்மடங்கு வட்டியைக் கேட்டவருக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சத்தால், உரிமை பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே தாமதத்தின் விலையை முன்கூட்டியே விலைப்புள்ளியில் சேர்ப்பதும், '30 நாளுக்குள் பணம் தந்தால் 2 விழுக்காடு தள்ளுபடி' என்று வெளிப்படையாக எழுதுவதும் வழக்காடுவதைவிடப் பயன்தரும். உத்யம் பதிவை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே முடித்து, அந்த எண்ணை ஒவ்வொரு பட்டியலிலும் அச்சிடுங்கள்.

அந்தப் பதிவுக்கு வேறொரு பயனும் உண்டு. பெங்களூரில் உள்ள நடுவண் பொதுத்துறை நிறுவனங்களின் ஒப்பந்தப்புள்ளிகளில், 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. மிகக் குறைந்த விலையைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்டிருந்தாலும், அந்த விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கு வேலையைப் பெறலாம். இறங்கிவரும் விலை நம் செலவுக்குக் கீழே இருந்தால் அது சலுகையன்று, மரியாதையாக மறுத்துவிடலாம். மாநில அரசு, மாநகராட்சி வேலைகள் 1999ஆம் ஆண்டின் கர்நாடக வெளிப்படைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றின் நிபந்தனைகளைத் தனியே படிக்கவேண்டும்.

வங்கிக்கு வரும்போது ஒப்பந்தத்தின் நகலோடு ஆள்மணிக் கணக்கையும் கொண்டுவாருங்கள். ஒப்பந்த மதிப்பு மட்டும் எழுதிய தாளைவிட, எந்த மாதத்தில் எவ்வளவு முடங்கும் என்று காட்டும் தாள் நடைமுறை மூலதனக் கடனை முடிவுசெய்ய அதிகம் உதவும். செயல்திறன் பிணைக்கு வங்கி உத்தரவாதம் வேண்டியிருந்தால், அதற்கென ஒதுக்கும் வைப்புத்தொகை ஓராண்டுக்கு மேலும் எடுக்க முடியாமல் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இயந்திரம் வாங்க முத்ரா திட்டம் இருக்கிறது. அதில் 'தருண்' நிலை 10 இலட்சம் வரை. ஆனால் இயந்திரக் கடனை எடுத்து ஊதியம் கொடுப்பதும், ஊதியத்துக்கான மிகைப்பற்றில் இயந்திரம் வாங்குவதும் இரண்டுமே சிக்கலில் முடியும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடவேண்டாம். 2024 மார்ச்சில் நகரம் வறண்டபோது, குடிநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதைப் பெங்களூரு குடிநீர் வாரியம் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. சுத்திகரித்த கழிவுநீர் எவ்வளவு கிடைக்கும், எந்த நேரத்தில் கிடைக்கும், புல் காய்ந்தால் யார் பொறுப்பு என்பவை முன்கூட்டியே எழுதப்படவேண்டியவை. கோடை மழையில் முறிந்து விழும் கிளைகளை அகற்றுவதும் புல்வெட்டில் அடங்காது. அதற்குத் தனி விலை வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்களின் நிர்வாகிகள் பலரும் இவ்விதழின் வாசகர்கள். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தப்புள்ளி கோரும்போது அளந்த வரைபடத்தையும் வெட்டுகளின் எண்ணிக்கையையும் நீங்களே கொடுங்கள். கூடுதல் வெட்டுக்கு ஒற்றை விலை கேளுங்கள். அப்போது எல்லா விலைப்புள்ளிகளும் ஒரே வேலைக்கானவையாக இருக்கும். மேலும், ஏப்ரல் முதல் நாள் ஒப்பந்தம் தொடங்கவேண்டும் என்பதற்காகப் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இடத்தைக் காட்டுகிறீர்கள். அப்போது புல் பழுப்பேறி, வளர்ச்சியின்றிக் கிடக்கிறது. பார்ப்பவர் இரண்டு ஆள் போதும் என்று எழுதிவிடுகிறார். ஒப்பந்த ஆண்டை அக்டோபருக்கு மாற்றிச் செப்டம்பரில் இடத்தைக் காட்டிப் பாருங்கள். கணுக்கால் அளவுக்கு மேல் புல் நிற்கும். நிலம் சேறாக இருக்கும். இயந்திரம் எந்தச் சரிவில் சறுக்கும் என்பதும் தெரியும். மாற்ற இயலாவிட்டால், சென்ற செப்டம்பரில் எடுத்த பத்துப் படங்களையும், தோட்டக்காரர்கள் வந்துபோன நேரத்தைக் குறித்த வாயில்காவலரின் பதிவேட்டையும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தோடு இணைத்துவிடலாம்.